தாய்மாமன் செய்த சீர்

லைசென்ஸ் புதுப்பிக்கவா போறீங்க சார்? இல்லை, மடியில டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கே, அதனால கேட்டேன். நாற்பது வயசு தாண்டினவங்ககிட்ட அதைக் கேட்பாங்க. முடிஞ்சு எத்தனை நாளாச்சு? நாலு மாசமா. சரி. இந்த நாலு மாசமும் வண்டி ஓட்டிக்கிட்டுத்தானே இருந்தீங்க? பதில் சொல்ல வேண்டாம் சார், சும்மா கேட்டேன். எல்லாரும் செய்யறதுதான். எங்க மச்சானுக்கும் சரியா நாலு மாசம்.

கொஞ்சம் இப்படித் தள்ளி உட்காருங்க, வெயில் உங்க மேல அடிக்குது. ஜன்னல் சீட்டை நீங்களே வச்சுக்குங்க. நான் ரோடு தெரியாத இடமாப் பார்த்துத்தான் உட்காருவேன். பதினாறு வருஷம் மஸ்கட்ல டிரெய்லர் ஓட்டினவன் நான். அடைக்கலம்னு பேர். நாற்பதடி வண்டியை ஒரு கையில திருப்பினவன். இப்ப நாலு வருஷமா ஸ்டியரிங்கைத் தொடறதில்லை.

புதுக்கோட்டைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பதினோரு மணிக்கு நான் கோர்ட்டுல கூண்டு ஏறணும். விபத்து நஷ்டஈட்டு கேஸ். வண்டி ஓட்டினவரைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க மனு போட்டு, எனக்கு சம்மன் வந்திருக்கு. வண்டியை ஓட்டினது நீங்கதானா? இதுதான் கேள்வி. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கிட்டு பதில் சொல்லணும்.

நான் ஓட்டலை சார்.

நாலு வருஷத்துல இதை இப்பத்தான் வாய்விட்டுச் சொல்றேன். பாருங்க, பஸ் அது பாட்டுக்குப் போகுது. ஒண்ணும் ஆகலை. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது, அதனால சொல்ல வருது. கூண்டுல வருமான்னுதான் தெரியலை.

ஓட்டினது எங்க மச்சான் வைரவன். எங்க அக்கா விசாலத்தோட வீட்டுக்காரர். ஆவுடைவயல்ல மாட்டுத் தீவனக் கடை வச்சிருக்கார். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. கடைக்கு முன்னால ரோடு, பின்னால வீடு. நல்ல மனுஷன் சார், தப்பா நினைச்சுடாதீங்க. சொந்தமா ஒரு குட்டியானை வச்சிருந்தார், அந்தச் சின்ன லோடு வண்டி. அவரே ஓட்டுவார், அவரே மூட்டை இறக்குவார். லைசென்ஸ் முடிஞ்சது தெரியும். டாக்டர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும், அந்த டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் உட்காருவார், புதன்கிழமைதான் இவருக்குக் கொள்முதல். அப்படியே நாலு மாசம் ஓடிப்போச்சு. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒண்ணுதான் இருக்கும்.

நான் மஸ்கட்லேருந்து வந்து அப்ப எட்டு மாசம். கம்பெனியை மூடிட்டாங்க. வெறுங்கையோட வந்தேன். பெண்டாட்டியும் இல்லை, அது தனிக்கதை, வேண்டாம். மச்சான்தான் கடையில வந்து இருடான்னார். மூட்டை தைக்கிறது, சில்லறை வியாபாரம் பார்க்கிறது, வண்டியைக் கழுவறது. ஓட்டச் சொன்னா ஓட்டவும் செய்வேன். ஆனா அவருக்குத் தன் வண்டியைத் தான் ஓட்டினாத்தான் திருப்தி.

அவங்க ஒரே பொண்ணு அபிராமி. அந்த ஆவணியில கல்யாணம் வச்சிருந்தாங்க. நான் தாய்மாமன். எங்க பக்கத்துல தாய்மாமன் சீர்னா சும்மா இல்லை சார். மேளம் வச்சு, தட்டு வரிசை எடுத்து, மாலையோட தெருவுல நடந்து வரணும். எத்தனை தட்டுன்னு வாசல்ல நின்னு எண்ணுவாங்க. அந்தப் பொண்ணு சடங்கான வருஷம் எனக்கு லீவு கிடைக்கலை. தூரத்து மாமன் முறையில ஒருத்தரை விட்டு மாலை போட வச்சாங்க. அக்கா அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் உறுத்தும், இல்லையா? இப்போ கல்யாணத்துக்கும் கையில ஒண்ணும் கிடையாது. ஆனா பத்திரிகையில போட்டுட்டாங்க. "தாய்மாமன் சீர்வரிசையுடன்" அப்படின்னு, என் பேரோட. பத்திரிகைக் கட்டு கடை மேஜையில கிடக்கும். ஒவ்வொரு நாளும் நான் அதைத் தள்ளி வச்சுட்டுத்தான் கல்லாவுல உட்காருவேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள். ஒரு புதன்கிழமை. மத்தியானம் மூணு மணி தாண்டி அஞ்சு நிமிஷம் இருக்கும். வண்டி வந்து நிக்கிற சத்தம் கேட்டுது. மச்சான் இறங்கினார், உள்ளே வந்தார், தவிட்டு மூட்டை மேல உட்கார்ந்தார். மூஞ்சியில ரத்தம் செத்துப் போயிருந்தது.

"மாப்ள, இடிச்சிட்டேன்டா."

"எதை மச்சான்?"

"பொம்பளை. சைக்கிள்ல வந்துச்சு."

"எங்க?"

"தைலமரக் காட்டு வளைவுல."

"இறங்கிப் பார்த்தீங்களா?"

தோள் துண்டால மூஞ்சியைத் துடைச்சார். அப்புறம், "கண்ணாடியில பார்த்தேன். கை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. வந்துட்டேன்" அப்படின்னார்.

அந்த வளைவு எங்க கடையிலேருந்து மூணு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் தைல மரம். மத்தியான நேரத்துல ஆள் நடமாட்டமே இருக்காது. நான் உடனே, கிளம்புங்க மச்சான் போவோம்னேன். அது என் வாயிலேருந்து வந்த முதல் வார்த்தை. அதை நான் மறக்கறதில்லை. உடனே சொன்னேன். உடனே.

அவரால மூட்டையை விட்டு எந்திரிக்கவே முடியலை. எப்படிக் கிளம்புவார்? பக்கத்துக் கடையில டீ வாங்கிக் குடுத்தேன். அக்கா பின்னாலேருந்து வந்துச்சு. அழலை, கத்தலை. அக்கா கேட்ட முதல் கேள்வி, "உங்க லைசென்ஸ்?" அவர் தலையை ஆட்டினார். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து நின்னுச்சு.

யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கோம் சார். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினா இன்சூரன்ஸ் கிடைக்காது, செத்தவங்க குடும்பத்துக்கு ஒரு காசு வராது, வண்டிக்காரன் சொத்து போயிரும்னு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு பொழைச்சாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் வேணும்தானே? அவங்களுக்காகவும்தான் நாங்க யோசிச்சோம். மச்சான், "நான் உள்ளே போயிட்டா ஒன்பது நாள்ல யாருடி தாரை வார்க்கிறது?" அப்படின்னார். அக்கா என்னைப் பார்க்கலை. மேஜையில கிடந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்துச்சு. அவ்வளவுதான். ஒருத்தரும் என்னைக் கேட்கலை. அதை மட்டும் நல்லாத் தெரிஞ்சுக்குங்க. நானாத்தான் சொன்னேன்.

"நான் ஓட்டினதா இருக்கட்டும்."

அக்கா அப்பத்தான் உட்கார்ந்துச்சு. உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு இது போதும்டா, வேற எந்தச் சீரும் வேண்டாம்" அப்படின்னுச்சு. கேட்டீங்களா? வாசல்ல நின்னு எண்ண முடியாத சீர். நான் அதைச் செஞ்சுட்டேன்.

ஆனா லைசென்ஸ் என் வீட்டுல இருந்தது. என் வீடு ஊரணிக்கு அந்தப் பக்கம். எடுக்கப் போனேன். மஸ்கட்ல பதினாறு வருஷம், சட்டைப் பையில லைசென்ஸ் இல்லாம ஒரு நாள் நான் வண்டியில ஏறினது கிடையாது. சட்டத்தை மதிக்கிற பழக்கம் சார் அது, ரத்தத்துல ஊறினது. டிரங்குப் பெட்டிக்குள்ள, பாஸ்போர்ட்டுக்கு அடியில, பிளாஸ்டிக் உறையில வச்சிருந்தேன். பெட்டிச் சாவியைக் கொஞ்ச நேரம் தேட வேண்டியதாப் போச்சு. அப்புறம் கட்டியிருந்தது லுங்கி. லுங்கியோட ஸ்டியரிங் பிடிச்ச ஆளும் நான் இல்லை. பேண்ட் போட்டேன். சட்டையும் மூட்டைத் தூசியா இருந்தது, அதையும் மாத்தினேன். வந்து வண்டியை எடுத்தேன். எல்லாம் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

நான் போனப்போ முடிஞ்சிருந்தது.

பள்ளத்துல சைக்கிள் கிடந்தது. அந்தப் பொண்ணு ரோட்டோரமா மண்ணுல, ஒரு பக்கமா சாய்ஞ்சு, தூங்கற மாதிரி. தூக்குவாளி ஒண்ணு உருண்டு கிடந்தது, மூடி கழண்டு சாம்பார் கொட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆயா. வளர்மதின்னு பேர், முப்பத்துநாலு வயசு. அதெல்லாம் அப்புறம் தெரிஞ்சது. பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில வச்சேன். வண்டியில தண்ணி பாட்டில் இருந்தது. வாயில ஊத்தினேன். ஓரமா வழிஞ்சிருச்சு. கையைப் பிடிச்சுப் பார்த்தேன். சூடா இருந்தது. வெயில்ல கிடந்த கை சூடாத்தானே சார் இருக்கும்?

அப்படியே உட்கார்ந்திருக்கேன், ஆடு மேய்க்கிற ரெண்டு பேர் வந்துட்டாங்க. அவங்க பார்த்தது இதுதான்: ரோட்டோரத்துல வண்டி, மண்ணுல நான், என் மடியில அந்தப் பொண்ணு. அவங்கதான் சாட்சி. பொய் சாட்சின்னு சொல்ல முடியாது. பார்த்ததைச் சொன்னாங்க. தூக்கி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு கிலோமீட்டர். டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு நாங்க சொல்ல வந்ததைக் கேட்கக்கூட இல்லை.

ஸ்டேஷன்ல ரைட்டர்தான் எழுதினார். எந்த ஸ்டேஷன்னு வேண்டாம் சார்.

"ஓட்டினது யாருய்யா?"

"நான்தான் சார்."

"லைசென்ஸ் இருக்கா?"

எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார். என்னை மேலேருந்து கீழே பார்த்தார். "பரவாயில்லையே. இடிச்சவன் எவனும் இவ்வளவு சுத்தமா வந்து பார்த்ததில்லை. இன்டர்வியூவுக்கு வந்த மாதிரி இருக்கே" அப்படின்னார். பேண்ட்டுல முழங்காலுக்கு மேல மட்டும்தான் கறை. மஸ்கட்ல இருந்த பழக்கம் சார்னு சொன்னேன். சிரிச்சுட்டு எழுத ஆரம்பிச்சார். நான் சொல்லச் சொல்ல எழுதலை, அவரே சொல்லி அவரே எழுதினார். நான் மேற்படி வாகனத்தை மேற்படி இடத்தில் ஓட்டி வந்தபோது. மேற்படி, மேற்படின்னு. கையெழுத்துப் போடறப்ப அது வேற யாருக்கோ நடந்த மாதிரிதான் இருந்தது. ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுத்துட்டாங்க. அந்தப் போலீஸ் கேஸ் இன்னும் வாய்தாவுலதான் கிடக்கு. ஒன்பதாம் நாள் கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்தது. நான் தட்டு பதினொண்ணு எடுத்தேன், வெறும் பழமும் பூவும் வச்சு. அக்கா முகத்துல அவ்வளவு நிறைவு.

கடலை வாங்கட்டுமா சார்? வேண்டாமா. எனக்கும் வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இடிச்சவன் ஒரு தடவை தலைகாட்டிட்டு வர்றது முறைன்னு ஊர்ல சொன்னாங்க. மச்சான், "நீ போயிட்டு வந்துடு மாப்ள, நான் வந்தா நல்லா இருக்காது" அப்படின்னார். போனேன். அடிப்பாங்கன்னு நினைச்சுத்தான் போனேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வீட்டுக்காரர் தங்கையா, கொத்தனார் வேலை. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு வந்து, "வாங்கண்ணே" அப்படின்னார். சார், "வாங்கண்ணே"!

"எல்லா டிரைவரும் போட்டுட்டு ஓடிடறான். நீங்க நின்னீங்கண்ணே. மடியில வச்சிருந்தீங்கன்னு ஆட்டுக்காரங்க சொன்னாங்க" அப்படின்னார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் குரலைத் தணிச்சு, "கடைசியா ஏதாச்சும் பேசுனாளா?" அப்படின்னார்.

இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாயைத் திறந்தேன். "தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன்" அப்படின்னு வருது. சரி, அதோட நிறுத்தணும். அந்த மனுஷன் இன்னும் என் வாயையே பார்க்கிறார். "பாப்பான்னு ஒரு தடவை சொல்லுச்சு" அப்படின்னேன்.

அவர் அப்படியே சுவத்துல சாய்ஞ்சுட்டார். உள்ளேருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. பத்து வயசு இருக்கும். "இவளை அவ பாப்பான்னுதாண்ணே கூப்பிடுவா. இலக்கியான்னு பேர் வச்சும் ஒரு நாள் அந்தப் பேரைச் சொன்னதில்லை."

நான் எப்படி சார் அதைச் சொன்னேன்? நீங்க நினைக்கறது தெரியுது. ஊர்ல பாதிப் பிள்ளைங்களைப் பாப்பான்னுதான் கூப்பிடறாங்க, குருட்டாம்போக்குல விழுந்துச்சுன்னு. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா எனக்கு அந்த வீட்டுல பெண் பிள்ளை இருக்குன்னே அப்போ தெரியாது. தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். அப்புறம் அந்தக் குரல் எனக்குக் கேட்க ஆரம்பிச்சுது. நான் இட்டுக்கட்டின வார்த்தைதான், ஆனா கேட்கறப்ப என் குரல் இல்லை. பொம்பளைக் குரல். தொண்டை வறண்டு, முதல் பாதி மட்டும் வெளியே வந்து, ரெண்டாவது பாதி காத்தாப் போற மாதிரி. கடையில மூட்டை தைச்சுக்கிட்டிருப்பேன், கேட்கும். குழாயடியில கேட்கும். வண்டியில ஏறி சாவியைத் திருப்பினா, இன்ஜின் சத்தத்துக்கு முன்னால அது கேட்கும். அதோட விட்டேன் வண்டியை.

அப்புறம் பார்க்காததெல்லாம் ஞாபகம் வர ஆரம்பிச்சுது. வளைவு திரும்பறேன், எதிர்ல சைக்கிள். அந்தப் பொண்ணு ஒரு கையால தூக்குவாளியைப் பிடிச்சிருக்கு. பச்சைச் சேலை. நிமிர்ந்து என்னைப் பார்க்குது. என் கால் பிரேக் மேல போகுது, போகுது, போய்ச் சேரவே மாட்டேங்குது. போலீஸ் எடுத்த போட்டோவுல சேலை காவி நிறம். மண்ணு பட்டு அப்படித் தெரியுது. எனக்குத் தெரியும், பச்சைதான். எப்படித் தெரியும்னு கேட்காதீங்க.

போன வருஷம் அபிராமி குழந்தைக்குக் காது குத்து. அபிராமியோட தாய்மாமன்கிற முறையில நானும் போனேன். பந்தியில மச்சான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கிட்டே, ரொம்ப அன்பா, மெதுவாச் சொல்றார்.

"அந்த வளைவுல நீ ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாம்ல மாப்ள?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நடிப்பில்லை சார். கடைசிப் பந்தி, நாங்க மூணு பேர்தான், யாருக்காக நடிக்கணும்? நிஜமாவே வருத்தப்பட்டுக் கேட்கிறார். அக்கா ரசம் ஊத்திக்கிட்டிருந்தது. "சாப்பிடற இடத்துல எதுக்கு அதெல்லாம்? அவனே நொந்து போய்க் கிடக்கான்" அப்படின்னுச்சு. அவரும், "சரி சரி, மனசுல வச்சுக்காதே" அப்படின்னு என் முதுகுல தட்டிக் குடுத்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடிச்சேன் மச்சான், அதுக்குக் கேட்கலை போல" அப்படின்னேன்.

வாயிலேருந்து வந்துருச்சு. அவரும் தலையை ஆட்டிக்கிட்டார். அப்போதான் எனக்குப் பயம் வந்தது. அந்த மதியம் அந்த வண்டியில இருந்தது ஒரே ஒரு ஆள். அவர் இப்போ அதுல இல்லை. இறங்கிப் போயிட்டார். அப்போ அந்த சீட்டுல யாரு?

இத்தனைக்கும் பாருங்க, சட்டமே வேறயாம். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் கோர்ட் வராந்தாவுல எங்க வக்கீல் ஞானதிரவியம் சாரோட குமாஸ்தா சொல்றார். லைசென்ஸ் இல்லாட்டியும், மூணாவது மனுஷன் செத்தா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல அந்தக் குடும்பத்துக்குக் கட்டச் சொல்லித்தான் இப்பல்லாம் தீர்ப்பு வருதாம். கட்டிட்டு வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்குமாம். "அவங்களுக்கு எப்படியும் கிடைச்சிருக்கும்ணே. நீங்க காப்பாத்தினது உங்க மச்சானைத்தான்" அப்படின்னு சிரிக்கிறார். யாரும் சொல்லாமலே ஊகிச்சிருக்கார், அவருக்கு அது தமாஷ். நான் அந்தக் குடும்பத்துக்காகத்தான் செஞ்சேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன். அன்னைக்குத் தெரிஞ்ச சட்டத்துக்கு அன்னைக்குச் செஞ்சது சரிதானே?

இப்போ கம்பெனிக்காரங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கு. அவங்க விசாரிக்க ஆள் வச்சிருந்தாங்க. வளைவுக்கு முன்னால ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு, வெளியூர்லேருந்து வர்ற பக்கம். அந்தக் கேமராவுல நம்ம வண்டி போறது தெரியுது, மூணு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால. ஆள் முகம் தெரியலை, வண்டி நம்பர் தெரியுது. ஆட்டுக்காரங்க என்னைப் பார்த்தது மூணு நாற்பதுக்கு. அதுல ஒருத்தன் அப்பத்தான் போன்ல யாரையோ கூப்பிட்டிருக்கான், அதுல நேரம் பதிவாயிருக்கு. அப்போ நடுவுல நாற்பது நிமிஷம் வண்டி எங்க இருந்தது? இதுதான் அவங்க பிடி.

முந்தாநாள் வக்கீல் ஆபீசுல உட்கார வச்சு ஒத்திகை பார்த்தாங்க. மச்சானும் இருந்தார். இந்தச் சட்டை அவர் எடுத்துக் குடுத்ததுதான், கோர்ட்டுக்குன்னே. வக்கீல் சார் சொன்னார், "இடிச்சதும் அதிர்ச்சியில கை கால் ஓடலை, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன், அப்புறம்தான் இறங்கினேன்னு சொல்லுங்க. ஜட்ஜ் ஏத்துக்குவார். மனுஷன்தானே." மச்சான், "ஆமாம்டா, நீ அன்னைக்குப் பேயறைஞ்ச மாதிரிதான் இருந்தே" அப்படின்னார்.

என்னால அதைச் சொல்ல முடியாது சார்.

ஏன்னா அந்தப் பிள்ளை. இலக்கியா. இப்போ பதினாலு வயசு, ஒன்பதாவது படிக்குது. என்னைப் பெரியப்பான்னு கூப்பிடும். அவங்க அப்பா என்னை அண்ணேன்னு கூப்பிடறார் இல்லையா, அதனால. போன வாய்தாவுக்கு அப்பாவோட வந்திருந்தது. வராந்தாவுல என் பக்கத்துல வந்து நின்னுச்சு.

"பெரியப்பா, நீங்க கூண்டுல சொல்றதை டைப் அடிப்பாங்களாமே?"

"ஆமாம்மா."

"அதுக்கு மனு போட்டா நகல் தருவாங்கன்னு எங்க பக்கத்து வக்கீல் சொன்னாரு. முத்திரை எல்லாம் குத்தி."

"தருவாங்க. உனக்கு எதுக்கு அது?"

"அம்மா என்னைக் கூப்பிட்டதை மறக்காமச் சொல்லிடுங்க பெரியப்பா. பாப்பான்னு. அது அதுல வரணும். எங்கிட்ட அம்மாவோடது ஒண்ணுமே இல்லை."

நான் ஓட்டலைன்னு சொன்னா என்ன ஆகும்? மச்சான் கடை போகும், அக்கா வீடு போகும். பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு என் மேலயும் கேஸ் வரும். அதெல்லாம் வரட்டும் சார், அதுக்குப் பயந்த காலம் போயிருச்சு. ஆனா அந்தக் காகிதத்துல என்ன வரும்? இடிச்சவர் நிக்காமப் போயிட்டார். அந்தப் பொண்ணு நாற்பது நிமிஷம் தனியாக் கிடந்துச்சு. ஒருத்தரும் பக்கத்துல இல்லை. ஒண்ணும் பேசலை, பேசியிருந்தாலும் கேட்க ஆள் இல்லை. பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டுல வேற போட்டிருக்கு, அடிபட்ட பிறகு அரை மணி நேரம் வரைக்கும் உயிர் இருந்திருக்கலாம்னு. டாக்டருங்க எதையாவது எழுதுவாங்க. முத்திரை குத்தி, நகல்னு போட்டு, அதை வாங்கிக்கிட்டு அந்தப் பிள்ளை பஸ் ஏறும்.

சத்தியம் பண்ணிட்டு உண்மையைச் சொல்றதா, அந்தப் பிள்ளைக்கு அம்மா கூப்பிட்டதைக் குடுக்கறதா? நாலு நாளா இதே யோசனை. காலையில பஸ் ஏறறவரைக்கும் முடிவு பண்ணலை. உங்ககிட்டச் சொல்லச் சொல்ல ஒரு தெளிவு வந்திருக்கு. ஓட்டினது நான்தான்னு சொல்லிடறேன். இடிச்சேன், உடனே இறங்கினேன், ஓடினேன், தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன். பாப்பான்னு கூப்பிட்டுச்சு. எத்தனை நேரம் பக்கத்துல இருந்தேன்னு கேட்பாங்க. நாற்பது நிமிஷம்னு சொல்லுவேன். அந்த நாற்பது நிமிஷத்தையும் அந்தப் பொண்ணுக்கே குடுத்துடறேன். ஒரு நிமிஷம்கூட அது தனியா இல்லைன்னு காகிதத்துல இருக்கட்டும்.

இதை வக்கீல் சார்கிட்ட முந்தாநாளே ஜாடையாக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சுட்டார். "யோவ், புத்தி இருக்கா? உயிரோட இருந்தது, பேசினது, பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்னு நீயே சொன்னா, எதிர்த்தரப்பு அடுத்து என்ன கேட்பான்? கையில வண்டி இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர்ல ஆஸ்பத்திரி. பையில போன் இருந்தது. நாற்பது நிமிஷம் ஏன்யா தூக்கிட்டுப் போகலை? இதுக்கு என்ன பதில் வச்சிருக்கே?"

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

ஒண்ணும் இல்லை சார், சொல்றதுக்கு. அன்னைக்கு ராத்திரியெல்லாம் தேடிப் பார்த்தேன். டீ வாங்கினது, ஷட்டரை இறக்கினது, பெட்டிச் சாவி, பேண்ட். எதை எடுத்து வச்சாலும் பதிலா நிக்க மாட்டேங்குது.

கேட்கட்டும். அந்தக் கம்பெனி வக்கீல் எழுந்து நின்னு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக் கேட்கட்டும். நாலு வருஷமா போலீஸ்லேருந்து கம்பெனி வரைக்கும் எல்லாரும் ஓட்டினது யாரு, ஓட்டினது யாருன்னுதான் கேட்கறாங்க. ஏன் உடனே போகலைன்னு ஒருத்தர் கேட்டதில்லை. அக்கா கேட்கலை, தங்கையா கேட்கலை. ஒரு மணி நேரமா உங்ககிட்டயும் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டு வர்றேன், நீங்களும் கேட்கலை பாருங்க.

கோர்ட் ஸ்டாப் வந்திருச்சு. காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க சார், இறங்கிக்கிறேன்.